நாக்கு டிரெசருக்கு வந்த வியாதி

எங்கள் தோட்டத்தில் நாக்கு டிரெசரிடம் நாக்கைக் காட்டாமல் பிறந்தவரும் இல்லை, செத்தவரும் இல்லை. பிறந்த பிள்ளை வீலென்று கத்த வாயைத் திறந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது அவர்தான். செத்தவர் விஷயத்தில் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். மேட்டு லயத்து வரிசை வீட்டு முனியாண்டிக் கிழவரைக் கோடித்துணி போர்த்திக் கிடத்தியிருந்த அன்று, மாலை போட வந்த டிரெசர் பழக்கதோஷத்தில் குனிந்து, "எங்க, நாக்க நீட்டு" என்று சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். நீட்டிவிடுவாரோ என்று ஒரு நொடி எல்லோரும் கிழவரின் வாயைத்தான் பார்த்தோம்.

மலேசியாவில், ராசா, கெர்லிங் என்கிற இரண்டு ஊர்களுக்கு நடுவில், ரப்பர் மரங்களுக்குள்ளே இருந்தது எங்கள் தோட்டம். பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை காரில் வருவார். கார் சூடு ஆறுவதற்குள் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர்தான் டாக்டர், அவர்தான் நர்ஸ், மருந்து கலக்குகிறவரும் அவர்தான். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கும் கோயில் ஃபாதருக்கும் மட்டும் தெரியும்.

யாராவது வணக்கம் சொன்னால் அவர் பதில் வணக்கம் சொல்லமாட்டார். "நாக்க நீட்டு" என்பார். வெள்ளையாக இருந்தால் வயிறு, வெளிறி இருந்தால் ரத்தம், காய்ந்து இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை, நீட்டவே மறுத்தால் முந்தைய நாள் சாராயம். நாளடைவில் எங்களுக்குப் பழகிப்போய், அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் கேட்காமலேயே நீட்டிக்கொண்டு நிற்போம். ஒருமுறை பத்தாங் காலியிலிருந்து எங்கள் லயத்துக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து டிரெசர் சைக்கிளில் போனார். குழாயடியில் நின்ற பெண்கள், பீடி குடித்துக்கொண்டிருந்த ஆண்கள், பிள்ளைகள், கூடவே வேலையை மேற்பார்க்கிற மண்டோர், எல்லோரும் நாக்கை நீட்டினார்கள். டிரெசர் இடமும் வலமும் தலையாட்டிக்கொண்டே போனார். மாப்பிள்ளையின் தாயார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, இந்தத் தோட்டத்துல எல்லாருக்குமே இப்படித்தானா?"

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. பெண்ணும் நாக்கை நீட்டிக்கொண்டுதான் நின்றாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்துச் சின்னக் கோயிலில் பூசை வைக்க ஃபாதர் வருவார். நன்மை வாங்க வரிசையாக முட்டி போட்டு எல்லோரும் நாக்கை நீட்டும்போது டிரெசருக்கு இருப்புக் கொள்ளுமா? ஃபாதருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்ப்பாராம். ஃபாதர் மந்திரம் சொல்லி அப்பத்தை வைத்ததும், இவர் பின்னாலேயே, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா, பூச்சி மருந்து தர்றேன்" என்பாராம். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஃபாதர் கோபித்துக்கொண்டாரா என்று கேட்டேன். "எங்கலா கோபம்? பூசை முடிஞ்சதும் ஃபாதரும்ல நாக்க நீட்டிட்டு நின்னாரு!"

எங்கள் மாரியம்மன் திருவிழாவையும் அவர் விட்டு வைக்கவில்லை. நாக்கில் அலகு குத்த ஒருவன் அருள் வந்து ஆடிக்கொண்டு நிற்கிறான். உறுமி அதிர்கிறது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த டிரெசர் அவன் நாக்கைப் பார்த்துவிட்டு, கீழ் இமையை இழுத்தும் பார்த்துவிட்டு, "இவனுக்குக் குத்தாதீங்க. ஒடம்புல ரத்தமே இல்ல" என்றார்.

"டிரெசரய்யா, தள்ளுங்க! சாமி வந்திருக்கு!" என்று பூசாரி கத்தினார்.

"சாமிக்கும் ரத்தம் வேணும்லா. ரெண்டு மாசம் கீரையும் மாத்திரையும் சாப்பிடச் சொல்லுங்க, வர்ற வருசம் ரெண்டு அலகாக் குத்திக்கலாம்."

சாமி ஆட்டத்தை நிறுத்தி, "எந்த மாத்திரை?" என்று கேட்டது.

இதையெல்லாம் சிரிப்புக்காகச் சொல்கிறேன். அடுத்ததைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இருபது நாள் இருக்கும். காரணமே இல்லாமல் அழுகை வந்தது. தூக்கம் இல்லை. பிள்ளை பக்கத்தில் கிடந்து கத்தினாலும் தூக்கக் கை வரவில்லை. காத்துக் கருப்பு பிடித்திருக்கிறது என்று மாமியார் கெர்லிங்கிலிருந்து ஒரு மந்திரக்காரரை வரச் சொல்லியிருந்தார், வேப்பிலையால் அடித்து விரட்ட. அதற்குள் பிள்ளைக்கு ஊசி போட டிரெசர் வந்தார். என் நாக்கைப் பார்த்தார். பிறகு வழக்கமில்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னாம்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, அதுவரை ஆமாம், இல்லை தவிர அவரிடம் எதுவும் பேசாத நான் சொல்லிவிட்டேன். "ஐயா, இந்தப் பிள்ளைய நானே ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா."

"சொல்லாம இருப்பேனா?" என்றார். நேரே வாசலுக்குப் போனார். என் வீட்டுக்காரர், மாமியார், மண்டோர், சும்மா போன இரண்டு பேர், எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சத்தமாகச் சொன்னார். "இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பிள்ள பெத்த பொம்பளைக்கு வர்ற வியாதி. காலு ஒடஞ்சா கட்டுப் போடறோம்ல? அது மாதிரி இதுக்கும் மருந்து இருக்கு. வேப்பிலையத் தூக்கிட்டு எவனாச்சும் வந்தான்னா அவனுக்கு முதல்ல நான் ஊசி போடுவேன்."

எனக்கு மானமே போய்விட்டது. தோட்டத்து லோரியில் என்னை ஏற்றிக் கோலா குபு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிள்ளையை அவரே மடியில் வைத்துக்கொண்டு, பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குத் தெளிய மூன்று மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகும் ஒரு வருடம் அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, சைக்கிள் மணி கேட்டாலே கோழிக் கூண்டுக்குப் பின்னால் போய் நிற்பேன். அவர் அங்கேயும் வந்து, "கோழிக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்தப் பிள்ளை இன்று ஷா ஆலத்தில் லோரி ஓட்டுகிறான். தினம் போன் போட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறான்.

பிறகு ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். எங்களுக்குத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. பென்ஷன் வாங்கிய டிரெசருக்கு என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. அவர் சம்சாரம் தவறிவிட்டார். ஒரே மகள் ஸ்டெல்லா ரவாங்கில் டீச்சர், ஞாயிறுதோறும் வருவாள். வேலை போனாலும் டிரெசருக்கு வேலை போகவில்லை. தினம் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பிஸ்கட் டின்னில் பிரஷர் மெஷினை வைத்துக்கொண்டு, வீடு வீடாக வருவார். நாக்கைப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். தாமானில் பாதிப் பேருக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி. அவருக்கும் இருந்தது. "எனக்கு இருக்கறதுனாலதான் உங்க வலி தெரியுது" என்று சொல்லிக்கொண்டே கவர்மெண்டு கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் காலை வந்தார், பிரஷர் பார்த்தார், எழுதினார், போனார். அரை மணி நேரத்தில் மறுபடியும் வந்தார், பார்த்தார், எழுதினார். நான் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினேன். நான் இட்லிக்கு ஊற்றி இறக்குவதற்குள் மூன்றாவது தடவை வந்தார். இந்தத் தடவை எழுதிவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று இடத்தில் என் பெயர்.

"லெட்சுமி, நான் இன்னிக்கி முன்னாடியே வந்தேனா?"

"ரெண்டு தடவ வந்தீங்கய்யா."

"ஏம்மா சொல்லல?"

பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அவர் நோட்டை மூடினார். "இது என்னா வியாதின்னு எனக்குத் தெரியும். எத்தன பேருக்குப் பாத்திருக்கேன். நீ ஸ்டெல்லாகிட்ட சொல்லிடாத. சொன்னா என்னைய ரவாங்குக்குத் தூக்கிட்டுப் போயிடுவா. அங்க மாடி வீட்டுல எனக்கு யாரு நாக்க நீட்டுவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவருடைய சேட்டைகள் கூடிக்கொண்டே போயின. ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை. தேத்தண்ணியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. பிரஷர் மெஷினைப் பெட்ரோல் கடைக் கம்பத்தில் கட்டிவிட்டு, "ரொம்ப லோவா இருக்கு" என்றார். தாமானே விழுந்து விழுந்து சிரித்தது. "டிரெசர் அப்படித்தான்லா" என்பார்கள். நாற்பது வருடமாக அவர் அப்படித்தானே இருந்தார்? செத்தவரை நாக்கை நீட்டச் சொன்ன மனிதர் தேத்தண்ணியில் உப்புப் போட்டால் யார் பயப்படுவார்கள்? வேறொருவர் செய்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்போம்.

பழைய தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டடம் அப்போது உரம் வைக்கிற ஸ்டோர். ஒரு நாள் மத்தியானம் டிரெசர் அங்கே போய்விட்டார். உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பங்களாதேஷ் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேரைப் பார்த்ததும், "வரிசையா நில்லுங்க! ஏன் இவ்ளோ கூட்டம் இன்னிக்கி?" என்று சத்தம் போட்டிருக்கிறார். வெள்ளைச் சட்டையையும் மெஷினையும் பார்த்த அவர்கள், வேலை பெர்மிட்டுக்கு உடம்பு சோதனை செய்ய வந்த அதிகாரி என்று நினைத்து, நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டு நாக்கு. எல்லாவற்றையும் பார்த்தார். ஒருவனை மட்டும், "ஒனக்கு மஞ்சக் காமாலை, உள்ள போயி படு" என்று உர மூட்டை மேல் படுக்க வைத்துவிட்டார். சாயங்காலம் மண்டோர் வந்து பார்த்தபோதும் அவன் எழுந்திருக்கப் பயந்து படுத்தே கிடந்தான். பிறகு கிளினிக்கில் பார்த்ததில் அவனுக்கு நிஜமாகவே மஞ்சள் காமாலை.

இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த மாதம் கோலா குபு மண்டபத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு மேசையில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்றைக்கும் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற நான் அன்று வாயைத் திறந்தேன். உர மூட்டை, பன்னிரண்டு நாக்கு, எழுந்திருக்கப் பயந்தவன், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். மேசையே குலுங்கியது. பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "லெட்சுமிக்கு இவ்ளோ பேச வருமா!" என்றார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ ஆன்ட்டி, எங்கப்பாவ அடிச்சுக்க ஆளே இல்ல!"

எல்லோரும் சிரித்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது, அவர் கேட்டபடி ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

ஸ்டெல்லா என்னெதிரே ஒரு கை தூரத்தில் இருந்தாள். அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று விட்டால் அடுத்த ஞாயிறு, அதை விட்டால் அதற்கடுத்த ஞாயிறு. நான் சொல்லாமல் இருந்த மூன்று வருடத்தில் எத்தனை ஞாயிறு!

அவர் நான் கேட்டுக்கொண்டதை அன்றைக்குக் கேட்கவில்லை, என்னைக் காப்பாற்றினார். நான் அவர் கேட்டுக்கொண்டதைக் கேட்டேன்.

போன வருடம் ஒரு காலை பத்து மணியாகியும் டிரெசர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் எதுவும் இல்லை. மேசைமேல் இனிப்புநீர் மாத்திரை அட்டை, முந்தைய நாள்தான் கிளினிக்கில் வாங்கியது, ஒரு வாரத்துக்கு உண்டானது, பாதிக்குமேல் காலி. போட்டதை மறந்து மறுபடியும், மறுபடியும் போட்டிருக்கிறார், சாப்பாடும் சாப்பிடாமல். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற லோங்காங் சாக்கடையில், தண்ணீர் இல்லாத நாளானதால் உயிரோடு, சர்க்கரை இறங்கி வேர்த்து நனைந்து கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. என்னைப் பார்த்து, "வரிசையில வாம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. டிரெசரிடம் ஏதேதோ கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை, மூன்று பொருள் பெயர் சொல்கிறேன் திருப்பிச் சொல்லுங்கள், இப்படி. பிறகு வெளியே வந்து, "இந்த மறதி எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"இப்பத்தான் டாக்டர். ரெண்டு மாசமா கொஞ்சம்..." என்றாள் ஸ்டெல்லா.

"மூணு வருசமாச்சும்மா" என்றேன் நான்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னேன். மூன்று தடவை பிரஷர் பார்த்தது, நோட்டு, அவர் கேட்டுக்கொண்டது, எல்லாம். சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "அப்பவே வந்திருந்தாலும் இந்த வியாதிய நிறுத்தியிருக்க முடியாது. ஆனா மாத்திரைய வேற ஒருத்தர் எடுத்துக் குடுத்திருப்பீங்க. விழுந்திருக்க மாட்டாரு" என்றார்.

ஸ்டெல்லா, "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தேனே ஆன்ட்டி. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் குடித்திருப்பேன்.

டிரெசர் இப்போது ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். நடப்பதில்லை. சன்னல் ஓரத்துக் கட்டில். மாத்திரையை ஸ்டெல்லா வேளைக்கு எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள். "எத்தன டாக்டருங்க வந்தாலும் இவ மாதிரி ஒரு டிரெசர் கெடையாது" என்று என்னிடமே அவளைப் புகழ்கிறார். அவள் மகள் என்பது சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. நான் யார் என்பது ஒரு நாளும் தெரிவதில்லை. வியாழக்கிழமைதோறும் ராசாவில் ரயில் ஏறிப் போகிறேன். கட்டிலருகே நாற்காலியைப் போட்டதும், புதிதாக வந்த நோயாளியைப் பார்க்கிற மாதிரி நிமிர்ந்து பார்ப்பார்.

"எந்த லயம்மா நீ? ஒடம்புக்கு என்னா?"

முதல் வாரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போய் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு வாரம் காது வலி. ஒரு வாரம் வயிற்றுப் பொருமல். ஒரு வாரம் ராத்திரியில் கால் குடைச்சல். வீட்டில் இருக்கும்போதே யோசித்து, ரயிலில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவேன். அவர் கண்ணை மூடி முழுவதும் கேட்பார். எத்தனை நாளாக, சாப்பிட்ட பிறகா, சாப்பிடுவதற்கு முன்பா என்று நுணுக்கமாகக் கேட்பார். மருந்தும் சொல்வார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்று ஸ்டெல்லா சொல்கிறாள். மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது இல்லாத வியாதியையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

நிஜமாக வலிக்கிற முழங்காலைப் பற்றி மட்டும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே மறந்துவிடுவார்தான். ஆனால் அந்த ஒரு நிமிடம் கவலைப்படுவார்.